பெரேடு முடிந்த பிறகு

பாகூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி மைதானம். சனிக்கிழமைக் காலை. இரவு பெய்த மழையில் மண் சொதசொதவென்று கிடக்கிறது. ‘சாவ்தான்’ என்று குரல் எழுந்ததும் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் குதிகால்கள் ஒன்றாகச் சேர்கின்றன. கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கிச் சட்டை, சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி. இரண்டாம் வரிசையில் நிற்கும் பையனுக்கு பூட்ஸ் ஒரு சைஸ் பெரியது. முனையில் துணி திணித்துப் போட்டிருக்கிறான். திரும்பும்போது மட்டும் அது தெரிகிறது. ஆணை கொடுக்கும் ஹவில்தாரைப் பிள்ளைகள் ‘உஸ்தாத்’ என்கிறார்கள். அவருக்கு இந்தியோடு கொஞ்சம் தமிழும் வரும். ஒன்றரை மணி நேரத்தில் பெரேடு முடிகிறது. டிபன் பொட்டலம் கைமாறுகிறது. உஸ்தாத் பைக்கில் ஏறி நகரத்துக்குப் போய்விடுகிறார்.

பள்ளிச் சுவருக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் அறுபது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். “மூணாவது ஆளு கை ஆட்டுறது சரியில்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே வந்து சொல்லிக்கொடுங்கள் என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

மாணவர் படைக்கும் ராணுவத்துக்கும் இடையிலான தன்னார்வக் கூட்டுறவை எப்படி வளர்ப்பது என்ற கேள்வியை நான் இந்தச் சுவரிலிருந்துதான் பார்க்கிறேன். டெல்லியிலும் சென்னையிலும் அந்த உறவு நன்றாகவே இருக்கிறது. அது அறுந்துபோகும் இடம் கிராமம்.

தேசிய மாணவர் படை பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வெள்ளையர் ஆட்சியில் 1917இல் பல்கலைக்கழகப் படைப்பிரிவாகத் தொடங்கியது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்ட காலம் அது. 1946இல் எச்.என். குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, நாடு தழுவிய மாணவர் படை வேண்டும் என்றது. 1948 ஏப்ரலில் சட்டம் வந்தது, ஜூலை 15இல் படை உருவானது. பெண்கள் பிரிவு 1949, விமானப் பிரிவு 1950, கடற்படைப் பிரிவு 1952. இந்தச் சட்டத்தில் ஒரு வரி எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதிவைக்கத் தகுந்தது: இதில் சேர்ந்த ஒரே காரணத்துக்காக எவருக்கும் போர்ப்பணிக் கடமை கிடையாது. ராணுவத்துக்கு ஆள் பிடிக்கும் வாசலாக இதை அமைக்கவில்லை என்று சட்டமே சொல்கிறது.

1962 சீனப் போருக்குப் பிறகு அரசு அந்த வரியின் உணர்வைத் தாண்டிப் போனது. 1963இல் கல்லூரிகளில் பயிற்சி கட்டாயமானது. ஐந்தே வருடத்தில் மாணவர்கள் சலித்துப்போனார்கள். 1968இல் அது மறுபடியும் விருப்பப் பயிற்சியானது. மறுவருடம் காந்தி நூற்றாண்டில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதே 1968 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, மாணவர் படையின் இந்தி ஆணைச் சொற்களுக்கும் எதிர்ப்புத் தெரிவித்தது. அண்ணா முதல்வராக இருந்த காலம். மைதானத்தில் சொல்லப்படும் ‘தாஹினே முட்’ கூடச் சட்டமன்றம் வரை போன மண் இது. இன்று புதுச்சேரிப் பிள்ளைகள் அந்தச் சொற்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் முதலுதவியும் வெள்ளக் காலப் பயிற்சியும் தாய்மொழியில்தான் நடக்க வேண்டும். தண்ணீர் ஏறும் இரவில் ஒரு பாட்டியை வீட்டைவிட்டுக் கிளப்ப இந்தி ஆணை உதவாது.

கட்டாயம் பயன்படாது என்ற பாடத்தை இலங்கையும் தருகிறது. அங்கே 1881இல் கொழும்பு ராயல் கல்லூரியில் தொடங்கிய கேடட் மரபு நீண்டது, மதிப்பும் பெற்றது. போர் முடிந்தபின் 2011இல் பல்கலைக்கழகம் புகும் மாணவர்களுக்கு ராணுவ முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி என்று அரசு உத்தரவிட்டது. கடும் எதிர்ப்புக் கிளம்பியது. தமிழ் மாணவர்களுக்கு அது எப்படிப்பட்ட அனுபவமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விரும்பி வரும் பிள்ளையும் கட்டாயத்தில் வெறுத்துப்போவான் என்பதற்கு இந்த இரண்டு சான்றுகள் போதும்.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரி மாவட்டத்தில் ஐந்து கொம்யூன்கள். வில்லியனூரும் பாகூரும் அவற்றில் இரண்டு. ‘கொம்யூன்’ என்ற பெயரே பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது. 1880இல் அவர்கள் கொண்டுவந்த உள்ளாட்சி அமைப்பு அது. பாகூர் மண்ணுக்குப் படைகள் புதிதில்லை. 1752இல் லாரன்ஸின் ஆங்கிலேயப் படையும் கெர்ஜானின் பிரெஞ்சுப் படையும் மோதிய இடம் இது. வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். துப்பாக்கி வெடிக்காமல் ஒரு காலனியின் தலைவிதி முடிவான நாள்.

பிரெஞ்சு ஆட்சி இங்கே ஒரு படைவீரர் மரபையும் விட்டுப்போனது. ‘சொல்தா’ என்றால் புதுச்சேரியில் எவருக்கும் விளங்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அவர் வீட்டார், அவர் கட்டிய வீடு எல்லாமே அந்தச் சொல்லில் அடங்கும். இந்தோசீனா வரை போய்வந்தவர்கள் உண்டு. கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போர் நினைவுச்சின்னம் நிற்கிறது. நகரத்தில் முன்னாள் பிரெஞ்சு வீரர்களுக்கென்றே ‘ஃபொயே து சொல்தா’ என்ற இல்லம் இருக்கிறது. அந்த மரபுக்கு ஊரில் மரியாதை உண்டு. அதேசமயம் அது பென்ஷன் மரபாகவும், வெளிநாட்டுக்குப் போகும் வழியாகவும் மட்டுமே சுருங்கியது. ஒரு சொல்தா தான் கற்றதை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு எதுவும் உருவாகவில்லை. இந்திய ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களின் நிலையும் பெரும்பாலும் அதுதான். ராணுவ கேன்டீன், ஆஸ்பத்திரி, கொடி நாள் வசூல் என்பதோடு அவர்களுக்கும் அரசுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது.

மாணவர் படையின் அமைப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மூன்றுக்கும் சேர்த்து ஒரே இயக்குநரகம். அது சென்னையில் இருக்கிறது. அதன் கீழே குரூப் தலைமையகம், அதன் கீழே பட்டாலியன், கடைசியில் பள்ளியின் ‘டிரூப்’. ஒரு டிரூப்பில் 100 பேர். பட்டாலியனை நடத்துவது பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி. உஸ்தாத்துகளும் பணியில் இருப்பவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் தங்கள் ரெஜிமெண்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பள்ளியில் நிலையாக இருப்பவர் ஓர் ஆசிரியர் மட்டுமே. பிள்ளைகளுக்கு அவர் ‘ஏ.என்.ஓ. சார்’. நாக்பூர் அருகே காம்ப்டியிலோ, பெண்ணாக இருந்தால் குவாலியரிலோ வாரக்கணக்கில் பயிற்சி முடித்தால்தான் அவருக்கு அந்தப் பதவி.

இந்த முழுக் கட்டடமும் அந்த ஆசிரியர் தோளில் நிற்கிறது. புதுச்சேரியில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் காரைக்காலுக்கு மாற்றப்படலாம், மாஹேக்கோ ஏனாமுக்கோகூட மாற்றப்படலாம். பயிற்சி முடித்த ஆசிரியர் மாற்றலில் போன மறுநாள் டிரூப் அநாதை. பொறுப்பு ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போடுவார், பெரேடு நடக்கும், கேம்புக்குப் பெயர் போகும். ஆனால் எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறான், யாருக்கு அப்பா இல்லை, யாருக்கு நீச்சல் தெரியும் என்பதெல்லாம் மாற்றலானவரோடு போய்விடும். புதியவர் காம்ப்டிக்குப் போக இடம் கிடைத்து, போய்த் திரும்பி, பிள்ளைகளைப் பழகுவதற்குள் ஒரு செட் பிள்ளைகள் ‘ஏ’ சான்றிதழ் வாங்கிப் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: கிராமப்புற டிரூப்புகள் தளர்வதற்குப் பிள்ளைகளின் ஆர்வக்குறைவு காரணமே இல்லை. தொடர்ச்சி அறுவதுதான் காரணம்.

தொடர்ச்சியைத் தரக்கூடியவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரை மாற்ற முடியாது. அவர் ஊர்க்காரர்.

வெளிநாடுகள் இந்தச் சிக்கலை வேறு வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. அமெரிக்கா 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உயர்நிலைப் பள்ளிகளில் ஜூனியர் பயிற்சிப் படையைத் தொடங்கியது. அங்கே பயிற்றுநர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற படையினர். பள்ளியின் சம்பளப் பட்டியலிலேயே இருப்பவர்கள். பிரிட்டனின் கடல் கேடட் அமைப்பு வேறு மாதிரி. 1850களில் வேர்விட்ட அது ஒரு தொண்டு நிறுவனம். ராயல் நேவி துணை நிற்கிறது, ஆனால் அந்தந்த ஊரில் கிளையை நடத்துவது தன்னார்வலர்கள். முன்னாள் மாலுமி, பிள்ளையின் அம்மா, ஊர்க் கணக்காளர் எல்லாரும் கைகொடுக்கிறார்கள். அங்கும் எதிர்க்குரல் இருக்கிறது. பதினாறு வயதில் ராணுவத்தில் சேர அனுமதிக்கும் நாட்டில், பள்ளி வாசலில் சீருடை நிற்பது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாமும் அதை ஒதுக்கக் கூடாது.

இந்தியாவிலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2024இல் மாணவர் படையில் மேலும் 3 லட்சம் இடங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் தந்தது. மொத்தம் 20 லட்சத்தை எட்டும் திட்டம். அதிலேயே முன்னாள் படைவீரர்களைப் பயிற்றுநர்களாக அமர்த்தும் ஏற்பாடும் இருக்கிறது. அதற்கு முன் 2020 ஆகஸ்ட் 15 அன்று, 173 எல்லை, கடலோர மாவட்டங்களில் ஒரு லட்சம் கேடட்டுகளைப் புதிதாகச் சேர்க்கும் அறிவிப்பு வந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும், கடலோரத்தில் கடற்படை துணைநிற்கும் என்பது திட்டம். நரம்பையும் பனித்திட்டும் கடலைப் பார்த்து நிற்கும் ஊர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கரையில் என்ன செய்தது என்று அங்கே எவரையும் கேட்டால் சொல்வார்கள். புதுச்சேரியில் கடலோரக் காவல் படைக்கு மாவட்டத் தலைமையகமே இருக்கிறது. கரையோரப் பள்ளிப் பிள்ளைக்கும் அந்தத் தலைமையகத்துக்கும் இடையே சாலை வழியே சில கிலோமீட்டர்கள்தான். அந்தத் தூரத்தை வருடத்துக்கு இரண்டு முறையாவது கடக்கச் செய்ய வேண்டும்.

ஃபெஞ்சலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வியைப் பேச முடியாது. மாணவர் படை நாள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் நான்காம் ஞாயிறு. 2024இல் அது 24ஆம் தேதி வந்தது. ஆறு நாள் கழித்து, 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு அங்கேயே நின்றது. 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 1 காலை சென்னையிலிருந்து ராணுவம் வந்தது. நகரத்தின் கிருஷ்ணா நகரில் வெள்ளத்தில் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டது. அது பெரிய பணி, நன்றியோடு நினைக்க வேண்டியது.

பாகூர்க்காரர்களுக்கு வெள்ளம் பிந்தித்தான் வந்தது. சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, சோரியாங்குப்பம், குருவிநத்தம், கொம்மந்தான்மேடு என்று ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. இந்தப் பக்கம் வில்லியனூரில் சங்கராபரணி கரை புரண்டது. மழை விட்டபின் வரும் வெள்ளத்தை மக்கள் நம்புவதில்லை. “அதான் மழ நின்னுடுச்சே” என்பார்கள். மேலே அணையில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்கிறார்கள், அது எத்தனை மணிக்கு நம் ஊரைத் தொடும் என்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். யார் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த ஆட்டுப்பட்டி பள்ளத்தில் இருக்கிறது என்பது சென்னையிலிருந்து வரும் படைப்பிரிவுக்குத் தெரியாது. எட்டாவது படிக்கும் பிள்ளைக்குத் தெரியும். படைக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கூட்டுறவு இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஊரைப் பற்றிய அறிவு பிள்ளையிடம் இருக்கிறது, ஒழுங்காக வேலையைப் பகிரும் பழக்கம் படைவீரரிடம் இருக்கிறது.

இதைச் சொன்னதும் பெற்றோர் கேட்பார்கள்: என் பிள்ளையைத் தண்ணிக்குள் இறக்குவீர்களா? கூடாது. பள்ளிக் கேடட் எவரும் வெள்ளத்தில் இறங்கக் கூடாது. இதற்கு மாணவர் படையே ஒரு நல்ல முன்மாதிரி காட்டியிருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது ‘யோக்தான்’ என்ற பெயரில் கேடட்டுகளைப் பணிக்கு அனுப்பியபோது, 18 வயது நிரம்பிய மூத்தோர் பிரிவினரை மட்டும், அதுவும் விருப்பத்தின் பேரில் எடுத்தார்கள். உதவி எண், நிவாரணப் பொருள் வினியோகம், போக்குவரத்து ஒழுங்கு என்று வேலை பிரித்தார்கள். சட்டம் ஒழுங்குப் பணி கிடையாது, தொற்று மிகுந்த இடத்துக்கு அனுப்பக் கூடாது என்று எழுதியே வைத்தார்கள். ஒரு நல்ல ஏற்பாட்டின் அடையாளம், எதைச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பட்டியல் எழுதும் வேலை, முதலுதவிப் பெட்டி, கயிற்று முடிச்சு, பள்ளியில் முகாம் போட்டால் வருகைப் பதிவு. இறங்கும் வேலை பெரியவர்களுக்கு. ‘யுவ ஆப்த மித்ர’ திட்டத்தில் மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், நேரு யுவ கேந்திரா, சாரணர் அமைப்புகளிலிருந்து 315 மாவட்டங்களில் 2.37 லட்சம் இளைஞர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி தர மத்திய அரசு முனைந்திருக்கிறது. பணமும் பாடமும் இருக்கின்றன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலை யாரும் கவனிப்பதில்லை. 18 வயது நிரம்பிய கேடட்டுகளில் பலர் கல்லூரிப் பிரிவில் இருப்பவர்கள். கிராமத்துப் பிள்ளை பஸ் ஏறி லாஸ்பேட்டையிலோ காலாப்பட்டிலோ படிக்கிறான். அவன் பெயர் நகரத்துக் கல்லூரிக் கம்பெனியில் இருக்கிறது, அவன் வீடு குருவிநத்தத்தில் இருக்கிறது. புயல் நாளில் கல்லூரி மூடியிருக்கும், அவன் ஊரில்தான் இருப்பான். கல்லூரி வாரியாக மட்டும் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தால் அவன் எவர் கணக்கிலும் வரமாட்டான். ஊர் வாரியாக இன்னொரு பட்டியல் வேண்டும். அதை வைத்திருக்கத் தகுந்த இடம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம்.

அங்கேதான் ஒரு வருத்தம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, பிறகு 2006இல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் வருடக்கணக்காகத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் ஆணையர்களே கொம்யூன்களை நடத்திவந்தார்கள். ஊராரைக் கூட்டி, இந்தத் தெருவுக்கு நீ பொறுப்பு என்று உரிமையோடு சொல்லும் வார்டு உறுப்பினர் இல்லாத இடத்தில் எந்தத் தன்னார்வ அமைப்பும் பாதி பலத்தோடுதான் ஓடும். ராணுவத்தையும் பள்ளியையும் இணைக்கப் பேசும்போது உள்ளாட்சித் தேர்தல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மூன்றாவது கால் இல்லாத முக்காலி நிற்காது என்பதால் வந்தது.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒளிக்காமல் பேசிவிட வேண்டும். ‘சி’ சான்றிதழ் இருந்தால் ராணுவ அதிகாரி தேர்வில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்முகத்துக்குப் போகலாம், அக்னிவீர் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு. நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் கூட்டுறவின் வெற்றியை, எத்தனை பேர் ராணுவத்தில் சேர்ந்தார்கள் என்று எண்ணினால் 1948 சட்டத்தின் அந்த வரி செத்துப்போகும். பெரும்பாலான கேடட்டுகள் விவசாயியாகவோ ஆசிரியையாகவோ கம்பெனித் தொழிலாளியாகவோதான் ஆவார்கள். அவர்களுக்கும் இந்தப் பயிற்சி பயன்பட்டதா என்பதே அளவுகோல்.

அக்னிபத் இன்னொரு விதத்திலும் இந்தக் கேள்வியைத் தொடுகிறது. 2022 ஜூனில் அறிவித்த அந்தத் திட்டப்படி நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் பணியில் தொடர முடியும். முதல் தொகுப்பு 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்தது. எனவே 2026 இறுதியிலிருந்து இருபதுகளிலேயே இருக்கும் முன்னாள் வீரர்கள் ஊர் திரும்பத் தொடங்குவார்கள். டீக்கடைப் பெரியவரைக் கவனிக்காமல் விட்டதுபோல் இவர்களையும் விட்டுவிட்டால் அது பெரும் வீண். மைதானத்தில் பிள்ளைகளோடு ஓட இவர்களால் முடியும்.

முன்னாள் வீரர் என்பதாலேயே எவரையும் கண்ணை மூடிக்கொண்டு பள்ளிக்குள் விட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பு, ஆசிரியர் உடனிருத்தல், பெண் பிள்ளைகள் பயிற்சியில் கட்டாயம் ஒரு பெண், அடி உதை தண்டனை அறவே இல்லை என்ற எழுத்து உறுதி. போக்சோ சட்டம் 2012இலிருந்து இருக்கிறது, அதைப் பற்றி அவருக்கு அரைநாள் வகுப்பு எடுக்க வேண்டும். ராணுவ முகாமில் செல்லும் அதட்டல் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் செல்லாது என்று புரிந்தவரே இதற்குத் தகுந்தவர். பெண் கேடட்டுகள் பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் அம்மாக்கள் அனுப்பமாட்டார்கள், அனுப்பாததில் தவறும் இல்லை.

இவ்வளவுக்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. தலைமையாசிரியர், ஏ.என்.ஓ., பட்டாலியன் பிரதிநிதி, கொம்யூன் ஆணையர், இரண்டு முன்னாள் படைவீரர்கள். மாதம் ஒருமுறை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும். பருவமழைக்கு முன் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரி வரை பங்காரு வாய்க்கால் கரையோரம் பிள்ளைகளோடு ஒரு நடை, எங்கே உடைப்பு எடுக்கும் என்று பார்க்க. ஊசுட்டேரிக் கரையில் இன்னொன்று. 2021 டிசம்பரில் மாணவர் படை தொடங்கிய கடற்கரைத் துப்புரவு இயக்கத்தை மூர்த்திக்குப்பம் பக்கம் ஒரு நாள். கீழூர் நினைவிடத்தை, சட்டப்பூர்வ இணைப்பு நாளான ஆகஸ்ட் 16க்கு முன் கழுவித் துடைக்க ஒரு காலை. இந்த வேலைகளின்போது ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவார்கள். பெரேடு மைதானத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் ஊர்த் தெருவிலும் அப்படி நடக்க வேண்டும். இந்தப் படையிடம் நான் எதிர்பார்ப்பதில் முதன்மையானது அதுதான்.

முன்னாள் படைவீரர்களே, யாராவது வந்து அழைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர்களே, சுவருக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரை உள்ளே கூப்பிடுங்கள். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. நடுவில் இருப்பது நான்கு மாதம்.